கரையில் நிற்கும் உரிமை



ஒரு பழைய சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கடலோரத்தில் வீடு வைத்திருப்பவருக்குப் பல இடங்களில் வீட்டின் முன்னால் உள்ள மணலும் சொந்தம். ஓதம் வற்றி நீர் பின்வாங்கும் கடைசிக் கோடு வரை அவருடைய நிலம். அந்த ஈர மணலில் நீங்கள் குடும்பத்தோடு காலாற நடந்தால் அவர் தடுக்கலாம். நீதிமன்றமும் அவர் பக்கம்தான் பேசும். ஆனால் நீங்கள் மீன் பிடிக்க வந்தவராக இருந்தால், நீர் ஏறும் கோட்டுக்கும் வற்றும் கோட்டுக்கும் நடுவே அவரால் உங்களைத் தடுக்க முடியாது. 1640களில், அந்த நிலம் ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த காலத்தில் வந்த ஏற்பாடு இது. கரையின் உடைமையை நிலக்காரருக்குக் கொடுத்தபோதே மீன்பிடித்தல், பறவை வேட்டை, படகோட்டம் ஆகிய மூன்றையும் பொதுமக்களுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். ஏறக்குறைய 400 ஆண்டுகளாக அந்த ஒதுக்கீடு உயிரோடு இருக்கிறது.

அந்த உரிமையை நம்பி அந்தக் கரையில் பல வருடங்கள் நின்றவன் நான். மாசச்சூசெட்ஸின் கேப் காட் முனைக்கும் பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டின் தென்கரைக்கும் இடைப்பட்ட கடற்கரைகளில், நண்பர்களோடு, இறகும் மயிரும் கட்டிய பொய்யிரையை வீசி மீன் பிடிப்பது எங்கள் வழக்கம். அங்கே இதை ஃப்ளை மீன்பிடிப்பு என்பார்கள். ஃப்ளை என்றதும் மலையாற்றில் தனியாக நிற்கும் பணக்காரக் கனவான் ஒருவரைத்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கடற்கரையில் இந்தக் கலை வளர்ந்த கதை வேறு. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர், இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர், குழாய் வேலை செய்பவர் ஒருவர். மாசச்சூசெட்ஸில் கடலில் தூண்டில் போட ஓராண்டு அனுமதிச் சீட்டு பல ஆண்டுகள் வெறும் 10 டாலராக இருந்தது. 60 வயது நிரம்பியவர்களுக்கு அதுவும் இலவசமாக இருந்தது. கரை பொது, மீன் பொது, கைத்திறனும் பொது. இந்த மூன்றையும் பொதுவாக வைத்திருக்கப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

முதலில் மீன். அதன் பெயர் ஸ்ட்ரைப்ட் பாஸ். கரைக்காரர்கள் ஸ்ட்ரைப்பர் என்று சுருக்கிவிடுவார்கள். வெள்ளி உடம்பில், செவுளிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும். நம் மீன்களில் பழக்கத்தால் இதற்கு நெருங்கி வருவது கொடுவா. இரண்டும் உப்புநீரிலும் நன்னீரிலும் வாழக்கூடியவை. இரண்டும் கழிமுகத்தில் நீரோட்டத்தின் ஓரம் பதுங்கி இரை பிடிப்பவை. ஆனால் இனப்பெருக்கத்தில் நேர் எதிர்த் திசை. கொடுவா முட்டையிட ஆற்றை விட்டு உப்புநீருக்கு இறங்கும். ஸ்ட்ரைப்பர் கடலை விட்டு ஆற்றில் ஏறும். அட்லாண்டிக் கரையோரம் வலசை போகும் ஸ்ட்ரைப்பர்களில் பெரும்பகுதி, மேரிலாண்டுக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவே கிடக்கும் செசபீக் விரிகுடாவின் ஆறுகளில் பிறந்தவை. ஹட்சன், டெலவேர் ஆறுகளில் மற்றவை பிறக்கின்றன. வசந்தத்தில் ஆற்றில் முட்டையிட்டுவிட்டுப் பெரிய மீன்கள் கரையோரமாகவே வடக்கே கிளம்பும். மே மாதத்தில் கேப் காடை எட்டும், சில மெய்ன் மாநிலம் வரை போகும், இலையுதிர் காலத்தில் திரும்பிவிடும். 30 ஆண்டு வரை வாழும் மீன் இது. ஒரு மீன் வாழ்நாள் முழுக்க எத்தனை மாநிலங்களின் கரையைக் கடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்த மாநிலமும் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. பின்னால் நேர்ந்த கேட்டுக்கும் அது மீண்டு வந்ததற்கும் இதுவே வேர்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்; கடற்கரையில் தூண்டில் போடும் நம் ஆட்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். நம் தூண்டிலில் நரம்பின் நுனியில் ஈயக் குண்டு இருக்கும். குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது கொக்கியில் கட்டிய சில இறகுகளும் மான்வால் மயிரும் மட்டுமே. அதற்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். ஆகவே கயிற்றுக்கு எடை கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு அது. கரையில் நாங்கள் பெரும்பாலும் எடுக்கும் ஒன்பதாம் எண் கயிற்றின் முதல் 30 அடி ஏறக்குறைய 15.5 கிராம். ஒன்பதடிக் கோலைப் பின்னால் சுழற்றி அந்தக் கயிறு காற்றில் முழுக்க நீளும் வரை காத்திருந்து, பிறகு முன்னால் செலுத்த வேண்டும். சாட்டையின் அடி தடித்து நுனி மெலிந்திருப்பதும் இந்தக் கயிறு நுனிக்குப் போகப்போக மெலிவதும் ஒரே காரணத்துக்காகத்தான்: அடியில் கொடுத்த வேகம் நுனி வரை குறையாமல் போய்ச் சேர வேண்டும். கயிற்றின் முனையில் ஏழெட்டு அடிக்குத் தங்கூஸ் நரம்பு. அதன் முனையில் பொய்யிரை.

கடற்கரையில் இதற்குக் காற்றே முதல் எதிரி. வெறும் தோள் வலிமையால் அதை வெல்ல முடியாது. வலக்கை கோலை ஓட்டும்போது இடக்கை கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும், பின்வீச்சில் ஒருமுறை, முன்வீச்சில் ஒருமுறை. இந்த இரண்டு சுண்டல்களும் கோல் வளையும் கணத்தோடு ஒத்துப்போனால் கயிறு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். இழுத்துச் சுருட்டிய கயிறு அலையில் காலைச் சுற்றாமலிருக்க இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டிக்கொள்வோம். கடைக் கூடையும் உண்டு. பாத்திரம் கழுவும் தொட்டியில் பட்டை கோத்துக் கட்டிக்கொள்பவர்களும் உண்டு. வேலை ஒன்றுதான்.

இந்த வீச்சை அமெரிக்கக் கரை முழுவதற்கும் கற்றுக்கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் லெஃப்டி கிரேயைத்தான் சொல்வேன். 1925-ல் மேரிலாண்டின் ஃபிரெடரிக் ஊரில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போரிட்டவர், 2018-ல் மறைந்தார். 1950களின் பிற்பகுதியில் செசபீக் விரிகுடாவின் ஸ்ட்ரைப்பர்களுக்காக அவர் கட்டிய பொய்யிரைதான் ‘டிசீவர்’. அதன் அமைப்பு மிக எளிது. சேவலின் நீண்ட கழுத்திறகுகளைக் கொக்கியின் வளைவருகே கட்டினார். முன்பகுதியில் மான்வால் மயிரைச் சட்டைக் கழுத்துப்பட்டையாகச் சுற்றிவர வைத்தார். இறகு பின்னால் இருப்பதால் வீசும்போது கொக்கியைச் சுற்றிச் சிக்காது. நீரில் மீனின் வடிவம் வந்துவிடும். நீரிலிருந்து தூக்கியதும் ஈரம் வடிந்து மெல்லியதாகிவிடும், காற்றில் சுலபமாகப் போகும். மேசை முன்னால் அமர்ந்து யோசித்தவருக்கு இது கிடைத்திருக்காது. கரையில் சிக்கெடுத்துச் சலித்த கைக்குத்தான் கிடைக்கும். 1991-ல் அமெரிக்க அஞ்சல் துறை ஃப்ளைகளுக்கென்று வெளியிட்ட 29 சென்ட் தபால்தலைகளில் ஒன்றில் இந்த டிசீவர் அச்சானது.

எனக்கு அவரிடம் பெரியதாகப் படுவது அவர் எதையும் பூட்டி வைக்கவில்லை என்பது. டிசீவரை யார் வேண்டுமானாலும் கட்டலாம், மாற்றலாம், விற்கலாம். பிறர் கண்டுபிடித்ததையும் அவர் ஊருக்கு எடுத்துச் சொன்னார். பென்சில்வேனியாவின் மிடில்டவுனில் ஃப்ளை கடை வைத்திருந்த பாப் கிளவுசர், 1980களில் சஸ்குவஹானா ஆற்றில் மீன் பிடிக்கும்போது கொக்கியின் முன்பகுதியில் ஈயக் கண்கள் இரண்டை வைத்துக் கட்டிப் பார்த்தார். இழுத்தால் ஏறும், விட்டால் தலைகுப்புறச் சரியும். காயம்பட்ட சிறுமீன் செய்வது அதைத்தான். அதற்குக் ‘கிளவுசர் மின்னோ’ என்று பெயர் வைத்துப் பத்திரிகையில் எழுதிப் பரப்பியவர் கிரே. இன்று எந்தக் கண்டத்தின் கரையில் ஃப்ளைப் பெட்டியைத் திறந்தாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். எங்கள் கூட்டத்தில் குளிர்காலத்து மாலைகளில் ஒரு வீட்டுச் சமையலறை மேசையில் கூடி இவற்றைக் கட்டுவோம். செவிலியரின் கை முடிச்சுகளில் எங்கள் எல்லாரையும் விட நேர்த்தியானது. அவர் கட்டியதை நான் வீசுவேன். எந்த ஃப்ளை யாருடையது என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இனி கரைக்கு வருவோம். உரையின் மற்ற பகுதிகளை மறந்துவிட்டாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், ஏனென்றால் எந்தக் கடற்கரைக்கும் இது பொருந்தும். மணற்கரை ஒரே சீராகத் தெரியும், அப்படி இருப்பதில்லை. பகலில், நீர் முழுதாக வற்றிய நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கரைக்கு இணையாக ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்துக்கு அப்பால் ஒரு மணல்திட்டு நீண்டு கிடக்கும். அலை திட்டின் மேல்தான் முதலில் உடையும். பள்ளத்தின் மேல் அடங்கிவிடும். கரையில் மறுபடி உடையும். நுரைக்கு நடுவில் நுரையில்லாத கரும்பச்சைப் பட்டை தெரிந்தால் அங்கே ஆழம் இருக்கிறது. திட்டில் எங்காவது ஒரு வெட்டு இருக்கும். கரையில் ஏறிய நீரெல்லாம் அந்த வெட்டு வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். அந்த ஓட்டத்தில் சிறுமீன் நிலைகொள்ளாமல் அடித்துச் செல்லப்படும். ஸ்ட்ரைப்பர் அதன் ஓரத்தில் முகம் காட்டி நிற்கும். குளிப்பவர்களை இழுத்துக்கொண்டு போகும் ஓட்டமும் இதுதான். மீனுக்காக அதைத் தேடுகிறவன் முழங்காலுக்கு மேல் அதில் இறங்கக் கூடாது.

நீர் அசைய வேண்டும். ஏறிக்கொண்டிருந்தாலும் சரி, வற்றிக்கொண்டிருந்தாலும் சரி. இரண்டுக்கும் நடுவே தேங்கி நிற்கும் அந்தச் சிறு பொழுதில் மீனும் அடங்கிவிடும். நாங்கள் மணலில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும் நேரம் அது. அந்திக்கும் விடியலுக்கும் நடுவில் மீன் கரைக்கு மிக அருகில் வரும். புதிதாக வருகிறவர்கள் தொலைவுக்கு வீசுவதிலேயே குறியாக இருப்பார்கள். இருட்டில் ஸ்ட்ரைப்பர் பல சமயம் கடைசி அலையின் பின்னால், 20, 30 அடியில் மேய்ந்துகொண்டிருக்கும். முதல் வீச்சு கால் நனையாமல், கரைக்கு இணையாகப் போக வேண்டும் என்பது அஞ்சல்காரர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

இன்ன மாதத்தில் இன்ன இரை வரும் என்பதையும் அறிய வேண்டும். வசந்தத்தில் ஆற்று ஹெர்ரிங் முட்டையிட ஓடைகளில் ஏறும். மே மாதத்து உப்பேரிகளில் கடற்புழுக்கள் இணைசேரக் கிளம்பும் மாலைகள் உண்டு. விரலளவுப் புழுவுக்காகப் பெரிய மீன்கள் மேலே வரும். கோடையில் மணலில் புதைந்து வாழும் மெல்லிய சேண்ட் ஈல், பிறகு சில்வர்சைட் என்ற சிறுமீன். இலையுதிர் காலத்தில் நம் மத்திக்கு உறவான மென்ஹேடன் மீனின் குஞ்சுகள் கரையோரம் கருமேகமாகத் திரண்டு தெற்கே நகரும். ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டுச் செங்குத்தாகப் பாய்ந்தால் கேள்வி கேட்காமல் ஓட வேண்டியதுதான்.

இந்த அறிவு ஒருவர் மண்டையில் முழுதாக இருப்பதில்லை. அதனால்தான் நண்பர்கள் வேண்டும். நாலு பேர் ஒரு கரையில் நின்றால் நாலு இடத்துச் செய்தி கிடைக்கிறது. ஒருவர் ஆழத்தில் மூழ்கும் கயிறு, மற்றவர் மேலே மிதப்பது; ஒருவர் வெள்ளை ஃப்ளை, மற்றவர் கறுப்பு. முதல் மீன் விழுந்ததும் அது எந்த ஆழம், எந்த நிறம், எவ்வளவு மெதுவாக இழுத்தாய் என்று குரல் பறக்கும். அடுத்த சில நிமிடங்களில் எல்லாரும் மாற்றிவிடுவோம். எப்படி நிற்பது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஃப்ளைக்காரனின் கயிறு முன்னால் போகும் அளவுக்குப் பின்னாலும் போகும். பின்னால் நடப்பவரின் முகத்தில் கொக்கி ஏறலாம். ஆகவே ஒருவருக்கொருவர் நிறைய இடைவெளி. காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தால் வலக்கைக்காரரின் கயிறு அவர் மேலேயே வந்து விழும். அவர் திரும்பி நின்று, முதுகைக் கடலுக்குக் காட்டி, பின்வீச்சில் ஃப்ளையைக் கடலில் விடுவார். இடக்கைக்காரர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அந்தக் காற்றுக்கு அவர் வரம். முகத்துவாரங்களில் நல்ல இடம் ஒன்றுதான் இருக்கும். அங்கே முறைவைத்து நகர்வார்கள்: நீரோட்டத்தின் மேல்பக்கம் வீசி, ஓட்டத்தோடு இறங்கிக்கொண்டே போய், கடைசியில் வரிசையின் பின்னால் சேர்ந்துகொள்ள வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் இருட்டில், எழுதாத இந்த விதிக்குக் கட்டுப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் டார்ச் அடிக்கக் கூடாது என்பது இன்னொன்று. முடிச்சுப் போட வேண்டுமானால் கடலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு சிவப்பு விளக்கில் போட வேண்டும்.

இதே கரையில் வேறொரு ஏற்பாடும் ஒரு காலத்தில் இருந்தது. மாசச்சூசெட்ஸின் கட்டிஹங்க் தீவில் 1864-ல் நியூயார்க் செல்வந்தர்கள் சிலர் ஒரு மன்றம் தொடங்கினார்கள். பாறைகளிலிருந்து கடலுக்குள் நீளும் மரப்பாலங்களைக் கட்டினார்கள். எந்தப் பாலம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். உறுப்பினருக்கு ஆள் ஒருவர் இறாலினத்து லாப்ஸ்டரை வெட்டிக் கடலில் எறிந்து மீனைக் கூட்டுவார். வால் சதை கொக்கிக்கு. நூற்றாண்டின் கடைசியில் மீன் குறையத் தொடங்கியது, மன்றமும் மங்கிப்போனது. பாலங்களைக் கட்டியவர்கள் மீனைக் காப்பதற்கு ஒன்றும் செய்யவில்லை. மீன் போனதும் அவர்களும் போய்விட்டார்கள்.

மீனைக் காக்க முதலில் கை நீட்டியது இதற்கும் வெகு முன்னால். 1639-லேயே மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் மன்றம், ஸ்ட்ரைப்பரையும் காட் மீனையும் வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று ஆணையிட்டது. அந்த நிலத்தின் மிகப் பழைய மீன்வளச் சட்டங்களில் ஒன்று அது. 1670-ல் பக்கத்துப் பிளிமத் குடியேற்றம் இந்த மீன்பிடிப்பின் வருவாயிலிருந்து இலவசப் பள்ளிக்கூடம் நடத்த ஏற்பாடு செய்தது. பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த மீன் இது.

பிறகு 1970களின் பிற்பகுதியில் அது சரிந்தது. செசபீக்கில் ஆண்டுக்கு ஆண்டு குஞ்சுகள் குறைந்தன. கரையெங்கும் பிடிப்பு மட்டும் நிற்கவில்லை. நான் முன்பு சொன்ன வேர் இங்கே வெளிப்படுகிறது. மேரிலாண்ட் கட்டுப்படுத்தினால் அந்த மீனை நியூயார்க் பிடிக்கும். நியூயார்க் விட்டுவைத்தால் மாசச்சூசெட்ஸ் பிடிக்கும். நமக்கு மட்டும் ஏன் நட்டம் என்று ஒவ்வொரு மாநிலமும் காத்திருந்தது. 1979-ல் ரோட் ஐலண்டின் செனட்டர் ஜான் சேஃபியின் முயற்சியால் மத்திய அரசு அவசர ஆய்வைத் தொடங்கியது. 1984-ல் மாசச்சூசெட்ஸின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜெரி ஸ்டட்ஸ் முன்னின்று அட்லாண்டிக் ஸ்ட்ரைப்ட் பாஸ் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பல் கூர்மையானது: கரை மாநிலங்களின் கூட்டு ஆணையம் வகுக்கும் திட்டத்தை ஒரு மாநிலம் நிறைவேற்றாவிட்டால், அந்த மாநிலத்தின் நீரில் ஸ்ட்ரைப்பர் பிடிப்பையே மத்திய அரசு முழுக்க மூடிவிடலாம்.

1985 ஜனவரியில் மேரிலாண்ட் பிடிப்பை முற்றாக நிறுத்தியது. ஐந்து ஆண்டுகள். ஸ்ட்ரைப்பரை நம்பியிருந்த மீனவக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை, ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்க்கிற நமக்கு விளக்க வேண்டியதில்லை. அதுவும் அங்கே வாரக்கணக்கில் இல்லை, ஆண்டுக்கணக்கில். மற்ற மாநிலங்கள் குறைந்தபட்ச அளவை உயர்த்திக்கொண்டே போயின. இதில் என் மனதைத் தொட்ட ஒன்று உண்டு. 1982-ல் பிறந்த குஞ்சுகள், மோசமான அந்த ஆண்டுகளில், ஓரளவு தேறியிருந்தன. அந்த ஓராண்டுப் பிறப்பின் பெண் மீன்களில் 95 விழுக்காடு ஒருமுறையாவது முட்டையிடும் வரை அவற்றைத் தொடாமல் காக்க வேண்டும் என்று ஆணையம் முடிவு செய்தது. மெய்ன் முதல் வட கரோலினா வரை, ஒரு வருடத்து மீன்களை எல்லாரும் சேர்ந்து வளர்த்தார்கள். அந்த மீன்கள் பெரிதாகப் பெரிதாக அனுமதி அளவும் கூடவே உயர்ந்தது.  1995-ல் இனம் மீண்டுவிட்டது என்று ஆணையம் அறிவித்தது. கடலில் இவ்வளவு பெரிய மீட்சி அபூர்வம். அதை ஒரு தனி மனிதரின் சாதனையாக நான் பார்க்கவில்லை; விட்டுக்கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

1990களில் கரையில் ஃப்ளைக் கோல்கள் பெருகியதற்கு இந்த மீட்சியே காரணம். மீன் இருந்தது, ஆகவே ஆட்கள் வந்தார்கள். இன்றைய நிலை வேறு. 2017 வரையிலான கணக்குகளை வைத்து 2019-ல் வெளியான மதிப்பீடு, இனம் மறுபடி அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்றது. 2020-ல் கடற்கரைகளில் 28 அங்குலத்துக்கும் 35 அங்குலத்துக்கும் நடுப்பட்ட மீன் ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்று விதி வந்தது. முட்டை நிறைந்த பெரிய தாய்களைக் காப்பது நோக்கம். 2023-ல் மேல் எல்லையை 31 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள்.

இங்கே, பிடித்துவிட்டுத் திரும்ப நீரில் விடும் எங்களைப் போன்றவர்கள் நேர்மையாக ஒரு கணக்கை எதிர்கொள்ள வேண்டும். மாசச்சூசெட்ஸில் நடத்தி 1996-ல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, விடப்படும் ஸ்ட்ரைப்பர்களில் 9 விழுக்காடு பிறகு இறந்துபோகின்றன. நூற்றில் ஒன்பது சிறிதாகத் தோன்றும். ஆனால் ஆண்டுதோறும் பிடித்து விடப்படும் மீன்கள் கோடிக்கணக்கில் என்பதால், சில ஆண்டுகளில் மனிதர் கையால் இறக்கும் ஸ்ட்ரைப்பர்களில் ஏறக்குறைய பாதி இப்படி ‘விடுவிக்கப்பட்டவை’. ஆகவே எப்படி விடுவிக்கிறோம் என்பது எங்கள் கலையின் மையம். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுவோம்; கொக்கி வழுக்கி வெளியே வரும். நரம்பு மெல்லியதாக இருந்தால் மீனோடு நீண்ட நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், களைத்த மீன் பிழைக்காது. எனவே தடித்த நரம்பு. மீனைக் காய்ந்த மணலில் இழுத்துப் போடக் கூடாது, அதன் மேல்தோலின் வழுவழுப்பு உரிந்தால் நோய் பிடிக்கும். கையை நனைத்துக்கொண்டு, முழங்கால் நீரிலேயே, வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுத்துக் கிடைமட்டமாகத் தாங்க வேண்டும். நெஞ்சுக்கு நேராகத் தொங்கவிட்டுப் படம் எடுக்கும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். பெரிய மீனின் தாடை எலும்பு தன் உடல் எடையைத் தூக்க ஏற்பட்டதில்லை. அலைக்கு எதிரே முகத்தைக் காட்டிப் பிடித்தால் செவுள் வழியாக நீர் போகும். அதற்குத் தெம்பு வந்ததும் வாலை ஒரு அடி அடித்துவிட்டுத் தானே போகும். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் இதுவும் சுலபம்: ஒருவர் மீனைத் தாங்க, மற்றவர் கொக்கியைக் கழற்றலாம்.

கரையைப் பகிர்ந்துகொள்பவர்கள் மனிதர்கள் மட்டுமில்லை. கோடையின் முற்பகுதியில் பைப்பிங் ப்ளோவர் என்ற சிறு பறவை, நம் உப்புக்கொத்திகளின் நெருங்கிய உறவு, வெறும் மணலில் முட்டையிடும். அந்தப் பகுதிகளைக் கயிறு கட்டி மூடிவிடுவார்கள். சில நல்ல இடங்கள் வாரக்கணக்கில் எங்களுக்கு இல்லாமல் போகும். முணுமுணுப்பவர்கள் உண்டு. ஸ்ட்ரைப்பருக்காக ஐந்தாண்டு காத்த கரை, ஒரு பறவைக்காகச் சில வாரம் காப்பது நியாயமே என்பது என் கட்சி. 1972-ன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கேப் காடில் சீல்கள் பெருகின. அவற்றைத் தேடி வெள்ளைச் சுறாக்கள் வந்தன. 2018 செப்டம்பரில் வெல்ஃபிளீட் கரையில் சுறாவால் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 1936-க்குப் பிறகு மாசச்சூசெட்ஸில் அதுவே முதல் சாவு. அதன்பின் கேப்பின் வெளிக்கரையில் இருட்டில் இடுப்பளவு நீரில் இறங்குவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

கரையின் உரிமை பற்றி ஒன்று. ரோட் ஐலண்டின் அரசியலமைப்பு கடற்கரை உரிமைகளை மக்களுக்கு உறுதி செய்கிறது. ஆனால் எந்தக் கோடு வரை என்பதில் நிலக்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் நெடுங்காலச் சண்டை. 2023-ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஓதம் ஏறியபோது ஒதுக்கிவிட்டுப் போன பாசிக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 10 அடி வரை யாரும் நடக்கலாம். மீன்பிடிக்காரர், நீச்சல்காரர், பாசி பொறுக்குபவர் என்று பலதரப்பட்டோர் கேட்டுப் பெற்றது அது. கோட்டை அளக்கக் கருவி வேண்டாம். எவரும் கண்ணால் பார்க்கலாம். நிலக்காரர்கள் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்.

கரையில் நிற்க உரிமை இருந்தாலும் மீன் வேண்டும்; அந்த மீனின் எதிர்காலம் ஒரு வலையில் தெரிகிறது. நம் கரைவலையை அறிந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 1954 முதல் ஒவ்வொரு கோடையிலும் மேரிலாண்டின் ஆய்வாளர்கள் செசபீக்கின் ஆற்றுமுகங்களில் 100 அடி நீள வலையைக் கரையிலிருந்து விட்டு வளைத்து இழுக்கிறார்கள். 22 இடங்கள், ஜூலை முதல் செப்டம்பர் வரை மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு இழுப்பு, மொத்தம் 132 இழுப்புகள். வலையில் அந்த ஆண்டு பிறந்த ஸ்ட்ரைப்பர் குஞ்சுகளை எண்ணி, விட்டுவிடுகிறார்கள். நீண்டகாலச் சராசரி இழுப்புக்கு 11. 1996-ல் 59 வந்தது. 2023-ல் 1. 2024-ல் 2. ஸ்ட்ரைப்பரின் முட்டை ஆற்றோட்டத்தில் மிதந்துகொண்டே பொரிய வேண்டும்; குளிர்ந்த, மழை நிறைந்த வசந்தம் அதற்கு நல்லது. குளிர்காலம் வெதுவெதுப்பாகவும் வசந்தம் வறண்டும் போகும் ஆண்டுகளில் குஞ்சு தப்புவதில்லை. இதை எந்த ஆணையமும் விதி போட்டு மாற்ற முடியாது. பிழைத்த மீனை விட்டுவைக்க மட்டும் விதி போடலாம். 2029-க்குள் இனத்தை மீட்க வேண்டும் என்பது இலக்கு. இன்று முட்டையிடும் பெரிய மீன்களைத் தவிர அந்த இலக்குக்கு முதல் வேறில்லை.

எங்கள் கூட்டத்தில் இதைப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். வெதுவெதுப்பான நீரில் பிடிபடும் மீன் விட்டாலும் பிழைப்பது அரிது. அதனால் ஜூலை, ஆகஸ்டில் நீர் 21 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஸ்ட்ரைப்பருக்குக் கோல் எடுப்பதில்லை. அந்த வாரங்களில் நீலமீன் எனப்படும் புளூஃபிஷுக்கு மட்டும். ஒரு மாலையில் ஆளுக்குச் சில மீன் போதும், அதற்குப் பிறகு கொக்கியில்லாத ஃப்ளையைக் கட்டிக்கொண்டு வீசுகிறோம்: மீன் துரத்துவதையும் கவ்வுவதையும் இருட்டில் விரல் நுனியில் உணரலாம், மீனுக்கு ஒன்றும் ஆகாது. இதை முதலில் செய்தவர் அஞ்சல்காரர். இப்போது வரிசையில் பாதிப் பேர் செய்கிறார்கள். கொக்கியை எங்கே, எப்படி வெட்டுவது என்று கேட்பவர்களுக்கு, கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் நான் எடுத்து வந்திருக்கும் ஃப்ளைகளைக் காட்டுகிறேன்.